ஈசூனில் பெய்த பனி

டிசம்பர் மழையில் சிங்கப்பூரின் ஈசூன் அடுக்குமாடி வீடுகள் தண்ணீருக்கு அடியில் நிற்பவை போலத் தெரியும். எதிர் புளோக்கின் சன்னல் விளக்குகள் மங்கி மிதக்கும். தூரத்தில் போகும் ரயிலின் சத்தம்கூட நனைந்து வரும். அப்படி ஒரு மாலையில்தான் ரெனீ, செத்துப்போன இரண்டு பலகைகளைத் துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

பலகை எப்படிச் சாகும் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

ரெனீ பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வீடு கட்டுவதற்கான பலகைகளை வளர்க்கிறாள். ஆமாம், செடி வளர்ப்பதைப் போல. தேங்காய் நாரையும் கிழிந்த அரிசிச் சாக்கையும் துண்டு துண்டாக்கி நனைத்து, அதில் சிப்பிக் காளான் வித்தைக் கலந்து, அச்சுப் பெட்டியில் அடைத்து இருட்டில் வைத்துவிடுவாள். தலைமுடியைவிட மெல்லிய வெள்ளை இழைகள் அந்த நாருக்குள் கிளம்பிப் போகும். கிடைத்ததைத் தின்னும், தின்ற இடத்திலெல்லாம் தன்னைப் பின்னிக்கொள்ளும். ஒரு நாள் பெட்டியைத் திறந்தால் நாரெல்லாம் ஒன்றாகிப் பலகையாகப் படுத்திருக்கும். சூட்டடுப்பில் வைத்தால் காளான் இறந்துவிடும், பலகை நிலைத்துவிடும். அதில் சிமெண்டும் இல்லை, பசையும் இல்லை.

நாரும் சாக்கும் வருவது சிராங்கூன் ரோட்டுச் சந்தில் இருக்கும் அப்துல் மஜீதின் மளிகைக் கடையிலிருந்து.

"ஊரே எங்கிட்ட தேங்கா வாங்குது. நீ ஒருத்திதான்மா மட்டையைக் கேட்டு வர்ற. உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம் லா."

"ஏன் பாய்?"

"நாரைத்தானே கறி வெச்சுப் போடுவ!"

ஒரு பலகை வளர்ப்பதில் ரெனீக்கு இப்போது சிரமமே இல்லை. ஆனால் ஒரு பலகையை வைத்துக்கொண்டு சுவர் எழுப்ப முடியுமா? உயிரோடிருக்கும் இரண்டு பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவை தாமாகவே ஒன்றுக்குள் ஒன்று வளர்ந்து சேர்ந்துகொள்ளும் என்பது அவள் நம்பிக்கை. அதற்காகத்தான் இத்தனை வருடமும் ஆய்வுக்கூடமே கதி என்று கிடந்தாள். விளிம்புகளை வழவழப்பாகச் சீவினாள். கிருமி படாமல் உறை போட்டாள். பலகைகளோ, ரயிலில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஆளுக்கொரு கைப்பேசியைப் பார்க்கும் பயணிகள் மாதிரி, தொட்டுக்கொண்டே தனித்தனியாக இருந்தன. குளிரூட்டிக் காற்றில் காய்ந்து, கடைசியில் அசைவற்றுப் போயின.

ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியர் பாலகிருஷ்ணன் நல்ல மனிதர்தான். அதனால்தான் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"ரெனீ, ஜனவரி முதல் திங்கட்கிழமை மீட்டிங். அதுக்குள்ள ரெண்டும் ஒட்டினா உன் வழி. ஒட்டலைன்னா கெமிக்கல் பசைக்கு மாறிடுவேன். நீ வேற ப்ராஜெக்ட்டுக்குப் போயிடு."

"இன்னும் கொஞ்சம் டைம் குடுத்தா, சார்..."

"குடுத்துட்டேனே மா."

அன்றிரவு ரெனீ ஒரு கனவு கண்டாள். இருட்டில் இரண்டு சுவர்கள் கைகளை நீட்டி ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தன. விரல் நுனி படப்போகும் நேரத்தில் விழிப்பு வந்துவிட்டது.

அப்படித் தோற்றுப்போன பலகைகளில் இரண்டைத்தான் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவளுடைய அப்பா எட்மண்டுக்குக் கூரை தேவைப்பட்டது.

எட்மண்ட் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கூடத்தின் மூலையில், தேவகுழந்தை பிறந்த தொழுவத்தைப் பொம்மைக் குடிலாகக் கட்டுவார். சுற்றிலும் தட்டுகளில் கேழ்வரகு விதைத்துப் பச்சைப் பசேலென்று முளைக்க வைப்பார். அதற்குக் காலையும் மாலையும் பாட்டிலால் தண்ணீர் தெளிப்பார். சிங்கப்பூரில் வைக்கோலுக்கு எங்கே போவது? செல்லப்பிராணிக் கடையில் முயலுக்கு விற்கும் வைக்கோலை வாங்கிவந்து பரப்புவார். இந்த வருடம் பழைய அட்டைக் கூரையைக் கரப்பான்பூச்சி தின்றுவிட்டது.

"இதை வெச்சுக்குங்க, டாடி. எப்படியும் வேஸ்ட்," என்றாள் ரெனீ. பலகைகள் சிலேட்டு அளவில் இருந்தன. அவற்றை அவள் சூட்டடுப்பில் வைக்கக்கூட இல்லை. செத்ததை எதற்கு மறுபடி சாகடிப்பது?

எட்மண்ட் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். நடுவில் இடுக்கு தெரிந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. முயல் வைக்கோலைத் திணித்து அடைத்தார். பிறகு கேழ்வரகுக்குத் தெளித்த தண்ணீரைத் தினமும் கூரைக்கும் சேர்த்துத் தெளித்தார்.

குழந்தையைக் காண வரும் மூன்று ராஜாக்களும், பொம்மைகள்தான், அவர் வீட்டில் நேரே குடிலுக்கு வந்துவிட மாட்டார்கள். வாசலில் செருப்பு அலமாரியில் புறப்படுவார்கள். தினம் கொஞ்சம் நகர்ந்து, ஜனவரியில் வரும் ராஜாக்கள் திருநாளன்றுதான் குழந்தையிடம் வந்து சேருவார்கள்.

"ராஜாக்கள் இப்ப டிவி ஸ்டாப்புல நிக்கிறாங்க," என்று அறிவிப்பார் எட்மண்ட்.

"ஏசி ஸ்டாப்புக்குக் கீழ நிக்கச் சொல்லுங்க, ஒட்டகத்துக்கு வேர்க்கும்," என்பாள் மனைவி அல்போன்சம்மாள்.

கிறிஸ்துமஸ் வந்தது, போனது. ரெனீ அந்த மூலைப் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை. தோற்றுப்போன ஒன்று வீட்டுக்குள் விளக்கு போட்டு உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் பார்க்கத் தோன்றும்? பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டும் வந்து வந்து பார்த்தார்கள்.

"கூரையில பனி பெஞ்ச மாதிரி இருக்கே அங்கிள்! சோ நைஸ்!"

எட்மண்டுக்குப் பெருமை. மனைவிதான் பஞ்சு வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அல்போன்சம்மாளோ அவர் வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

புத்தாண்டு வியாழக்கிழமை. பூசை முடிந்து வந்து மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை.

"ஏங்க, போதும்ங்க பஞ்சு. நேத்தைக்கு இன்னும் கூட்டிட்டீங்க போல," என்றாள் அல்போன்சம்மாள்.

"நான் எங்க வெச்சேன்? நீதானே வெச்ச, அல்போன்ஸ்?"

"எனக்கு வேற வேலை இல்லையா?"

ரெனீயின் கை தட்டிலேயே நின்றது. எழுந்து போய்க் குடிலின் முன் மண்டியிட்டாள். கூரை வெள்ளையாக இருந்தது. விரலால் தொட்டாள். குளிர்ந்து, மெத்தென்று, தூங்கும் பூனையின் வயிற்றைப் போல இருந்தது. மழைக்குப் பிந்திய காட்டின் வாசனை வந்தது. ஓரத்தில், சிறகு விரித்து நின்ற சம்மனசின் தலைக்கு மேலே, பித்தான் அளவுக்கு ஒரு காளான்கூடக் குடை பிடித்திருந்தது.

சாகவில்லை. இத்தனை நாளும் தூங்கித்தான் கொண்டிருந்திருக்கிறது.

கயிற்றை அவிழ்த்தாள். கூரையை ஒரு முனையில் பிடித்துத் தூக்கினாள். மறுமுனையும் சேர்ந்து வந்தது.

இடுக்கு எங்கே என்று தேடினாள். அங்கே திணித்திருந்த வைக்கோலையே காணவில்லை. அப்போது அவளுக்கு விளங்கியது. ஆய்வுக்கூடத்தில் இரண்டு பலகைகளுக்கும் நடுவே அவள் வைத்ததெல்லாம் சுத்தம் மட்டும்தான். சாப்பிட ஒன்றும் வைக்கவில்லை. ஒன்றுமில்லாத இடத்துக்கு எது நடந்து வரும்? இங்கே வைக்கோல் இருந்தது, ஈரம் இருந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் தின்றுகொண்டே வந்து, நடுவில் சந்தித்துவிட்டன.

"டாடி, இந்தக் கூரை எனக்கு வேணும். இப்பவே."

"என்னது? ராஜாக்கள் இன்னும் ஃப்ரிட்ஜ் ஸ்டாப்பே தாண்டலை. ஞாயிற்றுக்கிழமைதான் திருநாள்."

"நாளைக்கு மிஷின்ல வெச்சு அழுத்திப் பார்க்கணும் டாடி. அதுக்கு முன்னாடி ராத்திரி முழுக்கச் சூட்டடுப்புல காயணும். நாளைக்கு விட்டா மிஷினை ரிப்பேருக்குக் கழட்டிடுவாங்க. திங்கட்கிழமை மீட்டிங்."

"ரெனீ, என் சர்வீஸ்ல ஒரு நாளாவது நேரத்துக்கு முன்னாடி வண்டியை ஸ்டாப்புல கொண்டுபோய் நிறுத்தியிருக்கேனா? கேளு உங்கம்மாவை."

"அழுத்தினா இது உடையும், டாடி. எங்க உடையுதுன்னு பார்க்கணும். ஒட்டின இடத்துல உடைஞ்சா எல்லாம் முடிஞ்சுது, பசைக்கு மாத்திடுவாங்க. வேற இடத்துல உடைஞ்சா, ஒட்டின இடம் பலகையைவிட பலம்னு அர்த்தம்."

எட்மண்ட் மகளின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் வெளிச்சமிருந்து எவ்வளவு நாளாயிற்று! ஃப்ரிட்ஜ் பக்கம் போனார். மூன்று ராஜாக்களையும் ஒட்டகத்தையும் எடுத்து, துண்டில் சுற்றி, மகளின் பையில் கூரைக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார்.

"இவங்க எதுக்கு டாடி?"

"குடில் போற இடத்துக்கு ராஜாக்களும் போகணும்ல. எக்ஸ்பிரஸ் சர்வீஸ். எம்ஆர்டி ரயில்ல போகட்டும் லா."

"உடைச்சுட்டு வந்தா தெரியும் சேதி," என்றாள் அல்போன்சம்மாள், கூரையைச் சொன்னாளா ராஜாக்களைச் சொன்னாளா தெரியாமல்.

விடுமுறை நாளில் ஆய்வுக்கூடம் வெறிச்சென்று இருந்தது. அடுப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ரெனீ கொஞ்ச நேரம் நின்றாள். இந்த முறை இது தூங்கினால் எழுந்திருக்காது. சின்னக் காளானை மட்டும் கிள்ளித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். அடுப்பின் கண்ணாடிக்கு முன்னால் ராஜாக்களை நிறுத்தினாள். உள்ளே மஞ்சள் வெளிச்சம். கூரை மெல்ல மெல்லப் பொன்னிறமானது. தொலைவிலிருந்து வந்தவர்கள் மூவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பாலகிருஷ்ணன் வந்தபோது, கூரை இயந்திரத்தின் இரண்டு தாங்கிகள் மேல் படுத்திருந்தது. ஒட்டிய இடம் சரியாக அழுத்தும் மூக்குக்குக் கீழே இருக்கும்படி ரெனீ பக்கவாட்டில் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். மேசையில் ராஜாக்கள் வரிசையாக நின்றார்கள்.

"இவங்க யாரு? சாட்சிங்களா?"

"தூரத்துலேருந்து வந்திருக்காங்க, சார்."

இயந்திரத்தின் மூக்கு இறங்கியது. கூரை வளைந்தது. இன்னும் வளைந்தது. ரெனீ கண்ணை மூடிக்கொண்டாள். கனவில் பார்த்த அந்த விரல் நுனிகள் தெரிந்தன. பிறகு உலர்ந்த ரொட்டியைப் பிய்ப்பது போல ஒரு சத்தம்.

பாலகிருஷ்ணன் குனிந்தார். விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"கோடு எங்க?"

ரெனீ கண்ணைத் திறந்தாள். பென்சில் கோடு அப்படியே இருந்தது. வெடிப்பு அதைவிட்டு இரண்டு விரற்கடை தள்ளி, ஒரு பலகையின் சொந்த உடம்பிலேயே, கோணல்மாணலாக ஓடியிருந்தது.

அவர் கோட்டுக்கும் வெடிப்புக்கும் நடுவே அளவுகோலை வைத்துப் பார்த்தார். பிறகு, "ஒரு தடவை நடந்தா போதாது. திரும்பத் திரும்ப நடக்கணும். நிறைய வளர்த்துக் காட்டு," என்றார். வாசல்வரை போய்த் திரும்பினார். "பசைக்கு இப்போதைக்கு ஆர்டர் போடலை. உனக்கு என்ன மெட்டீரியல் வேணும்?"

"முயல் வைக்கோல், சார்."

"யாரு முயல் வளர்க்கிறது?"

ரெனீ சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை.

கூரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கிவிட்டது. ராஜாக்கள் மட்டும் அன்று மாலை ரயிலேறி ஈசூனுக்குத் திரும்பினார்கள். எட்மண்ட் அவர்களை மறுபடி ஃப்ரிட்ஜிலிருந்தே நடக்க வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடிலுக்கு வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. கூரையில்லாத குடிலுக்கு நேர் மேலே, சன்னலில் தொங்கிய காகித நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது.

"மொட்டையா இருக்குங்க," என்றாள் அல்போன்சம்மாள்.

"இருக்கட்டும்," என்றார் எட்மண்ட். தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்தார், இல்லாத கூரையைத் தேடினார், பிறகு கேழ்வரகின் மேலேயே தெளித்தார். "அடுத்த வருஷம் ரெனீ முழு வீடாவே வளர்த்துக் குடுப்பா. நாம தண்ணி தெளிச்சா போதும்."