வெறுங்கை நடை

உட்கார்ந்து தின்றால் மலையும் கரையும் என்பார்கள். நான் ஆறு வருடம் உட்கார்ந்து தின்றேன். எதுவும் கரையவில்லை. என் வயிற்றில்தான் ஒரு மலை முளைத்தது.

என் வேலை அப்படி. கிடங்கில் ஓடும் பெல்ட்டின் மேல் பெட்டிகள் வரும். அவற்றில் ஒட்டிய சீட்டு என் எதிரே திரையில் தெரியும். படித்துப் பார்த்து மூன்று பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். பெட்டி தன் வழிக்குப் போய்விடும். எட்டு மணி நேரத்தில் என் உடம்பில் அசைவது ஆள்காட்டி விரல் ஒன்றுதான்.

இந்த வருடம் கிடங்கில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். நர்ஸம்மா என் காகிதத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஐயா, மூணு மாசச் சர்க்கரை ஒன்பதைத் தாண்டியிருக்கு. மூணு மாசம் கழிச்சுத் திரும்ப எடுக்கிறப்ப எட்டுக்குள்ள வரலைன்னா மெஷின் சீட்ல உட்கார விடமாட்டாங்க. மாத்திரையை விடாம போடுங்க. தினமும் நாற்பது நிமிஷம் நடங்க."

"எங்கம்மா நடக்கணும்?"

"எங்கயும் இல்ல ஐயா. சும்மா நடங்க."

அந்த சீட் போனால் திரும்ப மூட்டை தூக்கவும் முடியாது. அந்த வேலையைத்தான் பெல்ட் தின்றுவிட்டதே. அதனால் நடக்க முடிவு செய்தேன். மகள் ஒரு வாட்சைக் கொண்டுவந்து கட்டிவிட்டாள். அடி எண்ணுமாம். மணிக்கு ஒரு தரம் நடுங்கி, எழுந்து நில் என்றது. அந்தக் காலத்து மேஸ்திரி 'எவன்டா உட்கார்ந்தது?' என்று கத்துவார். இது 'எவன்டா உட்கார்ந்தே இருக்கிறது?' என்று கத்துகிறது. எப்படியோ, மணிக்கட்டிலும் ஒரு மேஸ்திரி வந்து உட்கார்ந்துகொண்டான்.

ஆனால் சும்மா நடப்பது எனக்கு வரவில்லை. பிறந்ததிலிருந்து நான் சும்மா நடந்ததே கிடையாது. தெருவில் இறங்கினால் நாலு பேர் "எங்க கிளம்பிட்டீங்க?" என்பார்கள். சும்மா என்று சொல்ல நாக்கு கூசியது. அதனால் கையில் ஒரு துணிப்பை எடுத்துக்கொண்டேன். கடைக்குப் போகிறவன் மாதிரி இருக்குமல்லவா? பையோடு போனவன் வெறும் பையோடு திரும்பினால் நன்றாகவா இருக்கும்? தெருக்கோடியில் பன் கடை. ஒன்று பைக்கு, ஒன்று வாய்க்கு. மேலே சர்க்கரை தூவிய பன்.

ஒரு மாதம் தவறாமல் நடந்தேன். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை ஏறியிருந்தது.

மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, தினமும் எனக்கு ஒரு பன் வருது. கல்யாணமான புதுசுலகூட இப்படி வாங்கித் தந்ததில்ல. சரி, உங்க பன் எங்க?"

நான் வாட்சைப் பார்த்தேன். அது எனக்கு உதவவில்லை.

"நீங்க தனியா நடக்கிற ஆளே இல்ல. போய் உங்க ஒட்டகத்தைக் கூப்பிடுங்க," என்றாள்.

ஒட்டகம் என் ஜோடி. பெல்ட் வருவதற்கு முன் அதே கிடங்கில் இரண்டாள் மூட்டைகளை நாங்கள் இருபது வருடம் தூக்கினோம். அவன் நெட்டை, நான் குட்டை. அப்படி ஜோடி சேர்ந்தால் பாரம் குட்டையின் பக்கம் சாயும். ஆனால் எனக்கு ஒருநாளும் சாய்ந்ததில்லை.

கிடங்கிலிருந்து லாரிக்கு அறுபது அடி. மூட்டையோடு போகும்போது பேச மூச்சு இருக்காது. அதில் அச்சடித்திருக்கும் எழுத்து என் கண்ணுக்கு நேரே வரும். அவன் எட்டாவது வரை படித்தவன். இறக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்பும்போது, "மூணாவது எழுத்து என்னடா குட்டை?" என்பான். அந்த அறுபது அடிதான் எங்களுக்கு ஓய்வு. அதுதான் எனக்குப் பள்ளிக்கூடம். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. 'ழ' மட்டும் ஒரு வாரம் பிடித்தது. "வாலை மடிச்சுப் படுத்திருக்கிற நாய்டா அது. பார்த்தா எழுப்பாத, நாக்கை மட்டும் மடி," என்று சொல்லிக்கொடுத்தான். வியர்வை ஆறுகிற காற்றும் அவன் குரலும் சேர்ந்து வரும். இன்றைக்கும் ஒரு புது வார்த்தையைப் படித்தால் என் முதுகில் அந்தக் காற்று படுகிறது.

பெல்ட் வந்தபோது ஜோடிக்கு ஒருவர் போதும் என்றார்கள். படிக்கத் தெரிந்தவருக்கு நாற்காலி. அவனைத்தான் முதலில் கேட்டார்கள். "என் கால் மேசைக்கு அடியில அடங்காது சார். குட்டையைப் போடுங்க," என்று சிரித்தான். நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அதற்கப்புறம் அவன் முகத்தில் விழிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஆறு வருடம் ஓடிவிட்டது.

மறுநாள் மாலை பையை வீட்டில் போட்டுவிட்டுப் போனேன். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில், கண்ணாடிக் கூண்டுக்குள் ஒன்பது கேமராத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"டேய் குட்டை! வழி தெரிஞ்சுதா?"

"என்னடா இது, ஒட்டகத்துக்குத் திமில் முன்பக்கம் வந்திருச்சு?"

"உனக்கு மட்டும் என்னவாம்? நீ ரெண்டாள் மூட்டையை ஒத்தையாளா சுமக்கிற!"

சர்க்கரை, சீட், பன் எல்லாச் சேதியையும் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, "எட்டுக்குள்ள வரணுமா? எத்தனை நாள் இருக்கு?" என்று கேட்டான். இரண்டு மாதம் என்றேன். "ஆறு மணிக்கு ஆள் மாத்துவாங்க. வாசல்ல நில்லு," என்றான்.

தினமும் நடந்தோம். எதிரே வருகிற கடைப் பலகைகளை நான் சத்தமாகப் படிப்பேன். 'பழைய பேப்பர்' என்பதைப் 'பளைய' என்று எழுதியிருந்தவர் வாசலில் நின்று, "நாய் ஓடிப்போச்சுடா," என்று இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். கடைக்காரர் உள்ளே நாயைத் தேடினார்.

முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். அவன் முட்டியை லேசாக மடக்கித்தான் நடந்தான்.

"ஏன்டா இப்படி நடக்கிற? இப்பதான் மூட்டை இல்லையே."

"பழகிப்போச்சுடா. நிமிர்ந்தா உன் பக்கம் சாயுமே."

நான் மெதுவாக நடந்தேன். அவன் முட்டிக்கு அந்த வேகம்தான் ஒத்துக்கொண்டது.

மூன்றாவது மாதம் முடிந்தது. நர்ஸம்மா காகிதத்தை நீட்டினார். ஏழு புள்ளி எட்டு. "சீட் பொழைச்சுது ஐயா. எப்படி இறக்குனீங்க?"

"ரெண்டாளா இறக்குனோம்மா."

அன்று மாலை நடக்கும்போது, எங்கள் தெருக்கோடியில் ஒட்டகத்திடம் காகிதத்தைக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தான். "அப்ப இனிமே வர வேண்டியதில்ல," என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

"வாட்ச் விடாதுடா. நடக்கலைன்னா நடுங்கும்."

என் மணிக்கட்டைப் பார்த்தான். வாட்சை ஒரு மாதத்துக்கு முன்பே கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். அங்கே வெளுத்திருந்த தடம்கூட மறைந்திருந்தது.

"சரி, இடது பக்கம் வா," என்று சொல்லிவிட்டு, பன் கடைக்கும் எனக்கும் நடுவில் மாறி நடந்தான்.