ஒன்றுக்குப் பூச்சியம்

என் தம்பி ஜூலியஸ் அன்று எறிந்த பந்துகளை யாராலும் சரியாக அடிக்க முடியவில்லை. ரொறன்ரோவின் சிறிய தொழில்முறை பேஸ்போல் அணி ஒன்றில் அவன் பந்து எறிபவன். அமெரிக்க அணியொன்று அவனைப் பார்க்க ஆள் அனுப்பியிருந்தது. கடைசிவரை நின்று எறிந்து முடித்தால் அங்கே எடுப்பார்கள் என்று சொன்னான். அஜின்கோர்ட்டிலிருந்து இரண்டு வான் நிறைய நாங்கள் போயிருந்தோம்.

எதிரணியின் எறிகாரனும் இலேசானவன் அல்ல. நெடுநேரம் இரு பக்கத்துக்கும் ஓட்டமே இல்லை.

“உதென்ன கோதாரி விளையாட்டு, வேரோனிக்கா? மட்டையோட வாறாங்கள், மட்டையோட போறாங்கள்,” என்றார் இரத்தினவேல் அங்கிள். ஊரில் கிரிக்கெட் அம்பயராக இருந்தவர்.

“போகப் பண்ணுறதுதான் அங்கிள் அவன்ர வேலை. பேசாமப் பாருங்கோ.”

நான்காவது இன்னிங்ஸில் எங்கள் அணியின் மார்க்கோ ஒரு பந்தை வேலிக்கு வெளியே அடித்தான். ஒன்றுக்குப் பூச்சியம். ஜூலியஸின் பந்துகளைப் பிடிப்பவனும் அவன்தான். ஆறாவதில் அவன் திரும்ப மட்டையோடு வந்தபோது எதிரணிக்காரன் பந்தை நேரே முகத்துக்கு எறிந்தான். தாடை உடைந்த சத்தம் எங்கள் வரிசைவரை கேட்டது. மார்க்கோ முழங்காலில் நின்று, இரத்தத்தோடு பல்லைத் துப்பினான்.

அந்த விளையாட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. உன் ஆளை அடித்தால் நீ அவர்களுடைய ஆளை அடிக்க வேண்டும். அடிக்காதவனைச் சொந்த அணியே மதிக்காது.

ஏழாவதில் எதிரணியில் முதலாவதாக மட்டையோடு வந்தவன் நெடுத்த, செம்பட்டைத் தாடிக்காரன். ஜூலியஸ் பந்தைக் கையில் உருட்டியபடி நின்றான்.

“குடுடா அவனுக்கு!” என்று அப்பா எழுந்து கத்தினார்.

பந்து தாடிக்காரனின் விலாவில் இறங்கியது. இரண்டு அணிகளும் மைதானத்துக்குள் பாய்ந்தன. விழுந்து கிடந்தவனின் கையை ஒருவன் ஆணிச் சப்பாத்தால் மிதித்தான். ஜூலியஸின் சட்டைக் கழுத்து கிழிந்து தொங்கியது. அம்பயர்கள் பிரித்துவிட்டு எச்சரித்தார்கள்: இனி உடம்புக்கு எறிபவன் உடனே வெளியே.

அதற்குப் பிறகு ஜூலியஸால் உட்பக்கமாக, அடிப்பவனின் உடம்பை ஒட்டி, எறிய முடியவில்லை. ஒன்று வழுக்கினாலும் ஆட்டமும் அமெரிக்காவும் போய்விடும். எல்லாரையும் வெளிப்பக்கமாக எறிந்தே ஆட்டமிழக்கச் செய்தான். ஆனால் வெளிப்பக்கப் பந்தை எட்டி அடிக்கிறவன் அதை வந்த வழியே திருப்பிவிடலாம்.

கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் போனால் ஆட்டம் முடிந்தது. திரும்பவும் தாடிக்காரன்.

“இன்னும் ஒண்டு, ராசா,” என்றாள் அம்மா.

தாடிக்காரன் பயமில்லாமல் முன்னால் சரிந்து நின்றான். எட்டி அடித்தான். பந்து ஜூலியஸின் நெற்றிப்பொட்டில் பட்டு மேலே எழுந்தது. எங்கள் கண்கள் எல்லாம் பந்தோடு போயின. ஆள் மீது பட்டுத் தெறித்தாலும் நிலத்தில் விழுமுன் பிடித்தால் அவுட், கிரிக்கெட்டிலும் அப்படித்தான். ஒருவன் ஓடிவந்து பிடித்தான்.

“அவுட்!” இரத்தினவேல் அங்கிள் விரலை உயர்த்தினார். நாங்கள் கட்டிப்பிடித்துத் துள்ளினோம். அப்பா விசிலடித்தார்.

அம்மாதான் முதலில் கைதட்டலை நிறுத்தினாள்.

“அங்க பாருங்கோ. பிள்ளை ஏன் எழும்பேல்ல?”

காதிலிருந்து இரத்தம் மண்ணில் வடிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அவன் கண் திறக்கவேயில்லை.

உடல் பார்வைக்கு வைக்கப்பட்ட அன்று தாடிக்காரன் கறுப்புக் கோட்டுடன் வந்தான். பெட்டிக்கு முன்னால் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு அப்பாவிடம் வந்து, “சொறி, சேர்,” என்றான்.

அப்பா அவனுடைய வாயில் குத்தினார். உதடு வெடித்தது. அவன் கையை உயர்த்தவில்லை. அப்பா மறுபடி குத்தினார். ஜூலியஸின் அணிக்காரர்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள், ஒருவனும் அசையவில்லை. மார்க்கோ, கம்பி கட்டிய தாடையோடு, பார்த்துக்கொண்டே நின்றான். அவர்களுடைய சட்டத்தில் அது அப்பாவின் முறை.

மூன்றாவது குத்துக்குக் கை ஓங்கியபோது அம்மா நடுவில் போய் நின்றாள். அது அவளுடைய தோளில் விழுந்தது.