கொல்லைப்புற வீட்டுக்கு வாரண்டி

மழைக்காலத்தின் முதல் பெருமழையிலேயே கொல்லைப்புற வீட்டின் சன்னலுக்குக் கீழே சுவர் உப்பிக்கொண்டது. பார்த்ததும் தாசியோவுக்குக் காரணம் புரிந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் எல் மோன்டே நகரத்து வீடுகளுக்குச் சுவர் பூசிய மனிதர் அவர். தொட்டுப் பார்க்கவே வேண்டாம். சன்னல் மூலையில் பூச்சுக்கு அடியில் ஒட்டும் தார்க்காகிதத்தை எவனோ தலைகீழாக மடித்துவிட்டான். வழிந்து வெளியே போக வேண்டிய தண்ணீர் நேரே சுவருக்குள் இறங்குகிறது. அரை நாள் வேலை. பாழாய்ப்போனவன், அதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை.

அது மகள் கிரிசெல்டாவின் வீடு. விவாகரத்தில் கைக்கு வந்ததையெல்லாம் கொட்டி, அப்பாவின் கொல்லைப்புறத்தில் கட்டிக்கொண்டது. அப்பாவுக்குத் தோள் போய்விட்டது, அதனால்தான் கம்பெனியிடம் கொடுத்தோம் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டாள். தோள் போனது நிஜம்தான், காரணம் மட்டும் வேறு. தாசியோ எதில் கை வைத்தாலும் தன் இஷ்டப்படிதான் வைப்பார். அவள் வேண்டாம் வேண்டாமென்று கெஞ்சக் கெஞ்ச, மருமகனை நடுத்தெருவில் நிறுத்திச் சட்டையைப் பிடித்த புண்ணியவான் அவர். அதற்குப் பிறகு வெகுநாள் மகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த வீடுதான் அவளை அவர் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தது.

“அப்பா, தொடாதீங்க” என்றாள் கிரிசெல்டா, அவர் கையில் கரணையைப் பார்த்ததும். “கம்பெனிக்கு எழுதிட்டேன். அவங்க வந்து பார்க்கற வரைக்கும் எதுலயும் கை வைக்கக் கூடாதாம். வச்சா வாரண்டி போயிடுமாம்.”

“ஒரு தார்ப்பாயாவது கட்டி விடறேனே, கண்ணு.”

“எதுலயும்னா எதுலயும்தாம்ப்பா! எனக்காக இந்த ஒரு தடவை சும்மா இருக்கக் கூடாதா?”

அவள் குரல் உடைந்திருந்தது. தாசியோ கரணையைக் கீழே வைத்தார். சரி என்று வாக்கும் கொடுத்துவிட்டார்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த வாரம் வருகிறோம் என்றது கம்பெனி. அப்புறம் அதற்கடுத்த வாரம் என்றது. மழை மட்டும் தவணை சொல்லாமல் வந்தது. அடுக்களைச் சன்னலில் நின்றபடி, சுவர் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். காபி ஆறிப்போகும். பக்கத்து வீட்டு சில்வேரியோ வேலிக்கு மேல் தலையை நீட்டினான்.

“என்ன தாசியோ, ஊர்ச் சுவரையெல்லாம் பூசினே. மக வீட்டுச் சுவர்ல கை வச்சா மட்டும் ஷாக் அடிக்குதா?”

“போடா, போய் உன் கோழிக்குத் தீனி போடு.”

மழைக்காலம் முடிந்த பிறகுதான் கம்பெனி மேற்பார்வையாளன் டெவின் வந்தான். நல்ல மரியாதையான பையன், செருப்பைக்கூட வெளியே கழற்றினான். சுவரை அறுத்துப் பார்த்தான். உள்ளே மரச்சட்டங்கள் ஊறவைத்த ரொட்டி மாதிரி கையோடு வந்தன. தரை மெத்தென்று அமுங்கியது. பூஞ்சை நாற்றம் தாங்காமல் கிரிசெல்டா அதற்கு முன்பே பெரிய வீட்டுச் சோபாவில்தான் படுத்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணும் புரியலையே, எங்கேருந்து தண்ணி வந்திருக்கும்?” என்றான் டெவின்.

தாசியோவுக்குப் பொறுக்கவில்லை. பல மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்தவர் அல்லவா! “என்னப்பா புரியலை? நான் கொத்தனார். சுவர் உப்பின அன்னைக்கே தெரியும் எனக்கு. உங்க ஆள் காகிதத்தைத் தலைகீழா மடிச்சிருக்கான். இப்படியே விட்டா கட்டை அழுகும், தரை போகும்னு அன்னைக்கே தெரியும்!”

“அன்னைக்கேவா தெரியும் சார்?” டெவின் போனில் எதையோ தட்டிக்கொண்டான். “அப்புறம் ஏன் சார் மூடி வைக்கலை?”

“நீங்கதானே எதுலயும் கை வைக்காதேன்னு எழுதினீங்க?” என்று பாய்ந்தாள் கிரிசெல்டா.

“ரிப்பேர் பண்ண வேண்டாம்னுதான் மேடம் சொன்னோம். சேதம் பரவாம பார்த்துக்கறது வீட்டுக்காரங்க பொறுப்பு, வாரண்டியிலேயே இருக்கு. தெரியாம விட்டிருந்தா நானே மேல பேசிப் பார்த்திருப்பேன். அப்பா தெரிஞ்சே விட்டிருக்காரே. சன்னல் மூலையைச் சரி பண்ணித் தர்றோம். கட்டை, தரையெல்லாம் எங்க கணக்குல வராது.”

அவன் போனதும் தாசியோ நாக்கைக் கடித்துக்கொண்டார். என்ன பிரயோஜனம்?

“நானே எல்லாத்தையும் பிரிச்சுக் கட்டித் தர்றேம்மா.”

“எந்தத் தோளை வச்சுப்பா?”

“நீதானே கண்ணு தொடாதேன்னு சொன்னே. உனக்காகத்தானே...”

கிரிசெல்டா சிரித்தாள். அவள் அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

“பொறந்ததுலேருந்து என் பேச்சை ஒரு தடவை கேட்டிருக்கீங்களாப்பா? இதுக்குப் போயா கேட்டீங்க?”

சனிக்கிழமை ஃபோன்டானாவில் இருக்கும் தோழி வீட்டுக்கு அவள் கிளம்பினாள். பெட்டியைத் தூக்கித் தரலாமா என்று தாசியோ அவளிடம் கேட்டார். வேண்டாம் என்றாள், அவர் தூக்கவில்லை.