கிழக்கு மூலையில் ஒரு கரும்புள்ளி

மண்ணுக்கடியில் புதைந்திருப்பதைத் திரையில் காட்டும் காந்தமானியைத் தூக்குகிறவன் உடம்பில் இரும்பு இருக்கக் கூடாது. பெல்ட் கிடையாது, ஜிப் கிடையாது, பூட்ஸில் ஒரு வளையம்கூடக் கிடையாது. கால்சட்டையை நாடாவால் கட்டிக்கொண்டு வயலில் கோடு பிடித்து நடக்கும் ஐம்பது வயதுக்காரனை இங்கிலாந்தின் வடக்கே எங்கள் கம்ப்ரியாவில் யாரும் விஞ்ஞானி என்று நினைப்பதில்லை. மாடுகளே ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும்.

ஜாஸ் ட்வெடிலின் வயலில் இரண்டு நாள் நடந்தேன். ரோமர்கள் கட்டிய ஹேட்ரியன் சுவருக்குத் தெற்கே, கல்லெறி தூரம். புல்லுக்கடியில் ரோமப் படையின் கோட்டை ஒன்று இருக்கலாம் என்று சந்தேகம். இருந்தால் சட்டப்படி அங்கே மண்வெட்டி வைக்க முடியாது. ஜாஸோ குளிர்காலத்துக்குள் புதிய சாணிக்குழி வெட்டியாக வேண்டும்; இல்லாவிட்டால் அதிகாரிகள் பண்ணையை மூடச் சொல்லிவிடுவார்கள். தொண்ணூறு கறவை மாடு. வேறு நிலமில்லை. பள்ளியில் நாங்கள் ஒரே பெஞ்ச். அப்போதே என்னை அடிப்பான்.

இரண்டாம் நாள் மதியம் வேலியருகே கணினியைத் திறந்தேன். மேற்குப் பாதியில் கொசு மொய்த்த மாதிரி இரும்புப் புள்ளிகள். குனிந்து புல்லைக் கிளறினேன். லாட ஆணி. இன்னொன்று. இன்னொன்று.

புரிந்தது. வறண்ட கோடையில் புதைந்த சுவர்களுக்கு மேலே புல் மஞ்சளாகும். அதைப் பார்த்து வைத்துக்கொண்டு, கோட்டை இருக்கும் இடத்தில் மட்டும் ஆணி விதைத்திருக்கிறான், என் கருவியைக் குருடாக்க. ஆனால் விதைத்தது விவசாயி கை. ஓரம் பிசகவில்லை. மூலை மழுங்கிய நீள்சதுரம், ரோமக் கோட்டையின் வடிவம் அப்படியே திரையில் நின்றது.

நல்ல மனிதன் வாயை மூடிக்கொண்டிருப்பான். நான், வேலியருகே வந்து நின்ற ஜாஸைப் பார்த்துக் கேட்டேன்:

"யோவ் ஜாஸ், ரோமாக்காரனுக்கே வரைபடம் போட்டுக் குடுத்திருக்கியே. சம்பளம் எவ்வளவு?"

முதல் குத்தில் முன்பல் போனது. இரண்டாவதில் மூக்கு உடைந்த சத்தத்தை என் காதே கேட்டது. கருவியைத் தூக்கிக் கல்வேலியில் ஓங்கி அடித்தான். மறுபடி அடித்தான். நான் மூங்கில் அளவுகுச்சியால் அவன் காதைக் கிழித்தேன். அவன் என்னைச் சேற்றில் தள்ளி நெஞ்சில் முழங்காலை ஊன்றிக் கழுத்தைப் பிடித்தான். விலா எலும்பு ஒன்று 'டக்'கென்றது. நாடா அவிழ்ந்து கால்சட்டை முழங்காலுக்கு வந்துவிட்டது.

"சாவுடா வில்ஃப்! என் மாட்டையெல்லாம் கொல்லத்தானே வந்தே!"

"கிழக்கு மூலைல தோண்டுடா எருமை!" ரத்தத்தைத் துப்பிக்கொண்டே கத்தினேன். "அங்க ரோமாக்காரன் இல்ல! பெருசா ஒரு கரும்புள்ளி மட்டும்தான். ஏதோ எரிஞ்ச மண்ணு, மேலாக்கதான் இருக்கு, இந்தக் காலத்துது!"

கழுத்தைப் பிடித்த கை தளர்ந்தது.

"அது எங்கப்பா மாடுடா," என்றான்.

இரண்டாயிரத்து ஒன்று. கோமாரி நோய் பரவாமலிருக்க அரசாங்கமே மாடுகளைச் சுட்டு எரித்த வருஷம். எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்த மூலை என்று நான் கேட்டதில்லை.

"நூத்தி நாப்பது. முற்றத்துலயே வரிசையா சுட்டாங்க. கன்னுக்குட்டி நிக்க மாட்டேங்குதுன்னு என்னைப் பிடிச்சுக்கச் சொன்னாங்க. நான் பிடிச்சுக்கிட்டேன். ஒவ்வொண்ணா. கடைசி ஒண்ணு என் விரலைச் சப்பிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் அந்த மூலைக்கு இழுத்துட்டுப் போயி கட்டையும் நிலக்கரியும் போட்டுக் கொளுத்தினாங்க. அஞ்சு நாள் எரிஞ்சுது. காலெல்லாம் மேல தூக்கிக்கிட்டு."

என் மேலேயே உட்கார்ந்து அழுதான். நூறு கிலோ இருப்பான். விலா வலிக்கு நானும் அழுதேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அதுங்க மேல சாணியக் கொட்டச் சொல்றியா?"

"உயிரோட தொண்ணூறு இருக்கேடா," என்றேன்.

என் அறிக்கை போய் மூன்று வாரம் கழித்து, கிழக்கு மூலையில் குழி வெட்ட அனுமதி வந்தது. தோண்டும் வண்டியை ஜாஸ் வேறு யாரையும் ஓட்ட விடவில்லை. முதல் வாரலில் சாம்பல். இரண்டாவதில் கருகிய தாடையெலும்பு, பல்லோடு. ஜாஸ் இறங்கினான், அதைக் கையால் எடுத்து வேலியோரம் வைத்தான், ஏறினான். பத்து முறை இறங்கினான். அப்புறம் இறங்கவில்லை. பல்லை இறுகக் கடித்துக்கொண்டு, எலும்போடு எலும்பாக வாரிக் கொட்டினான்.

சாயங்காலம் கொட்டிலில் மாடுகள் கத்த ஆரம்பித்தன. குழி ஆளுயரம் ஆகியிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுப் பால் கறக்கப் போனான்.