விருந்தாளி இருக்கும்போது மட்டும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது செர்பியாவில், எங்கள் நோவி சாத் நகரில், தம்பதி ஆலோசகர் ஒருவரின் காத்திருப்பு அறையில். நானும் என் மனைவியும் அங்கே என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டு விவகாரத்தை நான் கேட்டேனா? வயதான தம்பதி ஒன்று எங்களுக்கு முன்னால் உள்ளே போனது. கிழவர் கையில் காபித்தூள் பாக்கெட். பார்த்தது அவ்வளவுதான், மிச்சமெல்லாம் கற்பனை.

2

அந்த மழைக்காலச் செவ்வாய்க்கிழமை, டான்யூப் நதி தன்...

(அடித்துவிட்டேன். இவர்கள் சண்டைக்கும் நதிக்கும் என்ன சம்பந்தம்?)

கிழவர் ரதிவோயே ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அவர் மனைவி தெசாங்கா பெட்டி கட்டியாயிற்று. இன்று இங்கேயும் ஒன்றும் நடக்கவில்லையென்றால் சுபோத்திட்சா ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். திரும்பி வருகிற எண்ணமில்லை.

அடுத்தவர் இடத்துக்கு வெறுங்கையோடு போகலாமா? ரதிவோயே ஆலோசகர் யாஸ்மினாவிடம் காபியைக் கொடுத்தார், வாசலிலேயே காலணியைக் கழற்றினார், காலுறையோடு போய் சோபாவில் உட்கார்ந்தார். ஆக, மனிதர் விருந்தாட வந்துவிட்டார்! போன இடத்தில் யாராவது பெண்டாட்டியைக் குறை சொல்வார்களா?

3

"இவ கைப்பக்குவம் இந்த ஊர்லயே கிடையாது டாக்டரம்மா. இவ இல்லேன்னா நான் என்னிக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன்."

(இங்கே அவரை அழவைக்கலாமா என்று யோசித்தேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "ஆம்பள அழுதா கதை. அவ தினம் அழுதாளே, அதை யாரு எழுதினா?" என்றாள். பேசாமல் மேலே எழுதுகிறேன்.)

தெசாங்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பார்த்தீங்களா? யாராவது வந்தா நான் ராணி. அவங்க போயிட்டா, உப்பு எங்கன்னு கேக்கத்தான் இந்த மனுஷன் வாயைத் திறக்கும்."

"அதான் இப்ப சொல்றேனே தெசா!"

"எங்கிட்டயா சொன்னே? அவங்ககிட்ட சொன்னே!"

யாஸ்மினா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஐயா, அதையே அவங்களைப் பார்த்துச் சொல்லுங்க."

ரதிவோயே மனைவி பக்கம் திரும்பினார். காதெல்லாம் சிவந்துவிட்டது. மறுபடி யாஸ்மினா பக்கமே திரும்பி, "அந்தக் காபியைப் போட்டுக் குடிக்கலாமே?" என்றார்.

4

முடிவு ஒன்று: சொல்லிவிட்டார், கட்டிக்கொண்டார்கள். (இவ்வளவு சுலபமென்றால் யாஸ்மினா கடையைச் சாத்த வேண்டியதுதான்.)

முடிவு இரண்டு: தெசாங்கா ரயிலேறினாள். (எழுதிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.)

மூன்றாவதை யாஸ்மினாதான் தொடங்கிவைத்தார். "நான் கொஞ்சம் வெளியில நிக்கிறேன்" என்று எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். இப்போது அறையில் அவர்கள் இருவர் மட்டுமே. தெசாங்கா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ரதிவோயே தலையைத் தூக்கி இந்தப் பக்கமே பார்க்கிறார். அட, நம்மைத்தான்! நீங்களும் நானும் இருக்கும்வரை அங்கே விருந்தாளிகள் இருக்கிறார்கள். இப்போது சொன்னால் நமக்குச் சொன்னதாகிவிடும், அவள் நம்பமாட்டாள்.

அவள் எழுந்துவிடுவாள் போலிருக்கிறது. நான் கிளம்பிவிட்டேன். நீங்கள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறீர்களே!