முத்துவேல் தேர்ந்தெடுத்த பம்ப்

கொச்சி மட்டாஞ்சேரியில் முத்துவேல் வீட்டு முன்னறையில் இருந்த, உயிருள்ள கடல் பவளங்களும் மீன்களும் வளரும் தொட்டி அவன் மனைவி பொன்மணியுடையது. துபாய்க்குக் குடும்பத்தோடு கிளம்பிய ஒரு தோழியிடமிருந்து அவள் அதை வாங்கி வந்தபோது, "கண்ணாடிப் பெட்டில உப்புத்தண்ணிய ஊத்தி வெச்சு என்ன பண்ணப் போற?" என்று கேலி செய்தவன் அவன்தான்.  பொன்மணி கார்ப்பரேஷன் ஆபீஸிலிருந்து வந்ததும், புடவை மாற்றுவதற்கு முன்பே தொட்டியருகே போய் நிற்பாள். மலையாளத்தில் வரும் வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, தண்ணீரில் உப்பு எவ்வளவு இருக்க வேண்டும், விளக்கு எவ்வளவு நேரம் எரிய வேண்டும், எந்தப் பவளம் எவ்வளவு நீரோட்டம் தாங்கும் என்றெல்லாம் கற்றுக்கொண்டாள். அடுத்த ஓணத்துக்கு வீட்டுக்கு வந்தவர்கள் இலையில் உட்காராமல் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதற்குப் பிறகுதான் முத்துவேலுக்கு அது 'நம்ம டேங்க்' ஆனது. பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் அவன் சூப்பர்வைசர். சாயா குடிக்கும் நேரத்தில் போனை எடுத்துப் படம் காட்டுவான். முதலில் "வீட்ல இருக்கு" என்றான். பிறகு "வளக்கிறோம்" என்றான். ஒரு நாள் யாரோ, "எல்லாம் முத்துவேலேட்டன் தனியாவா பாத்துக்கிறது?" என்று கேட்டபோது தலையை ஆட்டிவிட்டான். சின்னத் தலையாட்டல்தான். ஆனால் அன்றிலிருந்து கிடங்கில் மீன் சந்தேகம் எல்லாம் அவனிடம் வந்தது. வீட்டுக்கு வந்து பேச்சுவாக்கில் பொன்மணியிடம் கேட்டு வைத்துக்கொள்வான். மறுநாள் போய்த் தன் சொந்த அனுபவம்போல் சொல்வான். கணக்குப் பார்க்கும் ரதீஷ் அவனுக்கு 'ஆசான்' என்றே பெயர் வைத்துவிட்டான். முத்துவேல் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மழைக்காலத்தில் தொட்டியின் அலை பம்ப் நின்றுபோனது. கண்ணாடியின் உள்பக்கம் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரைத் தள்ளித் தள்ளிக் கடலைப் போல ஓட்டம் கொடுக்கிற சின்ன விசிறி அது. ஓட்டம் இல்லாவிட்டால் பவளங்கள் சோர்ந்து சுருங்கிவிடும். புது பம்ப் வாங்க இரண்டு பேரும் ஸ்கூட்டரில் கலூரிலிருக்கும் மீன் தொட்டிக் கடைக்குக் கிளம்பினார்கள். வழியெல்லாம் பொன்மணி பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தாள்.

"சின்னதே போதும். வேகத்தைக் கூட்டிக் குறைக்க கன்ட்ரோலர் வெச்சதா பாக்கணும். டார்ச்சுமேல நேரா அடிச்சா தாங்காது."

டார்ச் என்பது அவளுக்கு மிகவும் பிடித்த பவளம். பச்சை நுனி வைத்த நீண்ட விரல்கள் கொத்துக் கொத்தாக ஆடும். முத்துவேல் தெரிந்து வைத்திருந்தது அது ஒன்றின் பெயரைத்தான்.

கடைக்குள் நுழைந்ததும் ரதீஷின் குரல் கேட்டது. "தே, நம்ம ஆசான் வந்தாச்சு." பக்கத்தில் அவன் மனைவி நின்றிருந்தாள். "ஷீஜே, இதாணு ஞான் பறஞ்ச சேட்டன். இவரைப் பாத்துத்தான் நானும் ஒரு டேங்க் வெச்சேன்."

 அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல முத்துவேலுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். அது வரவில்லை.

ஷீஜா பொன்மணியைப் பார்த்துச் சிரித்தாள். "சேச்சிக்கும் இதுல இன்ட்ரஸ்ட் உண்டோ?"

பொன்மணி வாய் திறப்பதற்குள் முத்துவேல் முந்திக்கொண்டான். "அவளுக்கு மீனுக்குத் தீனி போடத் தெரியும். அதோட சரி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பொன்மணி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. காதில் விழுந்தது சரிதானா என்று சரிபார்ப்பதுபோல் இருந்தது. பிறகு கடையின் அந்தக் கோடியில் இருந்த தொட்டிகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

கடைக்காரர் இரண்டு பம்புகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "மூணடி டேங்கா? என்னென்ன பவளம் இருக்கு?"

"எல்லாம் இருக்கு" என்றான் முத்துவேல்.

கடைக்காரர் சற்று யோசித்துச் சின்ன பம்பை முன்னால் நகர்த்தினார். "அப்போ இது போதும். ஸ்பீடு குறைக்கலாம்."

ரதீஷ் அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். "இது கொச்சுப் பிள்ளை கையளவுதானே இருக்கு. ஆசானே, நீங்க சொல்லுங்க. நீங்க எடுக்கிறதையே நானும் எடுக்கிறேன்."

எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள். "கடல்ல அலை மெதுவாவா அடிக்குது?" என்றான் முத்துவேல். "பெருசாவே எடுப்போம்." சொன்னதும் அது விஷயம் தெரிந்தவன் பேச்சுபோலவே அவன் காதுக்குக் கேட்டது. "இதுல வேகம் குறைக்க முடியாது, கேட்டோ" என்று கடைக்காரர் எச்சரித்ததற்கு, "பரவாயில்ல" என்று கையை அசைத்தான். ரதீஷும் அதே பெரிய பம்பை வாங்கினான்.

பில் போடும்போது பொன்மணி வந்தாள். பெட்டியை வாங்கித் திருப்பி, பக்கத்தில் அச்சடித்திருந்ததைப் படித்தாள்.

"சரியா?" என்று கேட்டான் முத்துவேல்.

"நீங்க சொன்னா சரி" என்றாள், ரதீஷுக்கும் ஷீஜாவுக்கும் கேட்கும்படி. அவன் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. காது மடல் சுட்டது.

திரும்பும் வழியில் தோப்பும்படி பாலத்தில் தூறல் பிடித்தது. "நனையிறியா?" என்று கேட்டான். அவள் பெட்டி நனையாமல் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் தொட்டியருகே வைத்தாள். "நீங்க எடுத்தது. நீங்களே மாட்டுங்க" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

அந்தத் தண்ணீருக்குள் முத்துவேல் அதுவரை கையை விட்டதே இல்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பக்கக் கண்ணாடியில் காந்தத்தைப் பொருத்தி, சுவிட்சைப் போட்டான். தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. அடியில் கிடந்த மணல் கிளம்பித் தொட்டி முழுவதும் பால் கலக்கியதுபோல் ஆனது. மீன்கள் கல்லுக்குப் பின்னால் போய்ப் பதுங்கின. டார்ச்சின் விரல்கள் எல்லாம் ஒரே திசையில் படுத்துத் துடித்தன. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்து நின்றான். அணைக்கலாம் என்று தோன்றியபோதும் அணைக்கவில்லை. தோற்றுப்போனதுபோல் ஆகிவிடும் என்று நின்றான்.

சத்தம் கேட்டு பொன்மணி வந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். சுவிட்சை அணைக்கக்கூட நிற்காமல் வயரைப் பிடுங்கினாள்.

மணல் இறங்கிய பிறகு தெரிந்தது. டார்ச்சின் ஒரு கொத்து தான் ஒட்டியிருந்த கல்போன்ற எலும்பின் விளிம்பிலேயே உரசிக் கிழிந்து, சதை தொங்கிக்கொண்டிருந்தது. பொன்மணி கையை விட்டு, அந்தக் கல்லை மெதுவாகத் தூக்கி மூலையில் வைத்தாள். குழந்தைக்குக் கழுத்தைத் தாங்குவதுபோல் தாங்கினாள்.

"எனக்குத் தெரியல, பொன்மணி."

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். கடையில அதைச் சொல்லியிருக்கலாம்ல." கையைத் துடைத்துக்கொண்டாள். "ஆபீஸ்ல யாராவது கேட்டா, எங்க வீட்டுக்காரருக்கும் இது ரொம்பப் புடிக்கும்னுதான் நான் சொல்லுவேன். நீங்க அங்க என்னைத் தீனி போடறவளா ஆக்கி வெச்சிருக்கீங்க. அந்த ரதீஷ் பேச்சுலயே தெரியுது, இன்னிக்கு நேத்தைக்கு நடந்ததில்லைன்னு."

 அவளிடம் கேட்டு வந்த ஒவ்வொரு பதிலையும் கிடங்கில் சாயாக் கிளாஸோடு தன்னுடையதாகப் பரிமாறியது அவனுக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. குளிக்கப் போனான். தலையில் தண்ணீர் ஊற்றியும் முகத்தின் சூடு தணியவில்லை.

திங்கட்கிழமை கிடங்கில் ரதீஷ் போனை நீட்டினான். அவன் தொட்டியின் படம். ஒரு பக்கம் மணலே இல்லாமல் வெறும் கண்ணாடி தெரிந்தது. இரண்டு மீன்களும் மூலையில் ஒண்டியிருந்தன. "ஆசானே, இது தன்னால செட் ஆயிக்கொள்ளுமோ? ஷீஜா பயந்து பேடிச்சு இருக்கா."

"மொதல்ல அதை ஆஃப் பண்ணச் சொல்லு" என்றான் முத்துவேல். ரதீஷ் உடனே போன் செய்து சொல்லிவிட்டுத் திரும்பினான். அடுத்து என்ன என்று கேட்பதுபோல் நின்றான். சுமை இறக்குகிறவர்கள் சாயாவோடு சுற்றி நின்றிருந்தார்கள். மாலை வரை சமாளித்துவிட்டு, பொன்மணியிடம் கேட்டு, நாளைக்கு வந்து சொல்லிவிடலாம். முத்துவேல் அதையும் நினைக்கத்தான் செய்தான்.

"ரதீஷே, அந்த டேங்க் என்னோடது இல்ல."

"வித்துட்டீங்களா?"

"இல்ல. அது பொன்மணியோடது. எப்பவும் அவளோடதுதான். எனக்கு ஒண்ணும் தெரியாது. இங்க சொன்னதெல்லாம் அவகிட்ட கேட்டுச் சொன்னது. அந்தப் பம்ப் ஒண்ணுதான் நானாச் சொன்னது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ரதீஷ் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ அன்னிக்குக் கடையில சேச்சி அங்கேயே நின்னிருந்தாங்களே" என்றான்.

"நின்னிருந்தா."

ரதீஷ் கிளாஸைக் கீழே வைத்தான். "சேச்சியோட நம்பர் தாங்க."

"அவகிட்ட கேட்டுட்டுத் தரேன்" என்றான் முத்துவேல்.

அன்று மாலை பொன்மணியிடம் நடந்ததைச் சொன்னான். "எல்லாரும் இருக்கும்போதா?" என்று கேட்டாள். "ஆமா" என்றான். "ம்" என்றாள்.  நம்பரைக் கொடுக்கச் சம்மதித்தாள்.

ஷீஜாதான் கூப்பிட்டாள். பொன்மணி ஜன்னலோரம் நின்று மலையாளத்தில் பேசினாள். தொட்டி நீளம் கேட்டாள், கல் எந்தப் பக்கம் அடுக்கியிருக்கிறது என்று கேட்டாள், என்ன பவளம் வாங்க உத்தேசம் என்று கேட்டாள். அவள் இவ்வளவு நிதானமாக, இவ்வளவு நிச்சயமாகப் பேசி முத்துவேல் கேட்டதில்லை. அவள் பேசியதே இல்லையா, தான் கேட்டதே இல்லையா என்று தெரியவில்லை. நடுவில் ஒருமுறை அவள் சிரித்தாள். அடுக்களை வாசலில் நின்றிருந்த முத்துவேல் உள்ளே போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் திருப்பூணித்துறைக்கு ரதீஷ் வீட்டுக்குக் கிளம்பினாள். "நான் கொண்டு விடட்டா?" என்று கேட்டான்.

"வேண்டாம். பஸ்ல போயிக்கிறேன்."

அவள் போன பிறகு அவன் தொட்டிக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். கிழிந்த கொத்து பழுப்பாகிவிட்டிருந்தது, அது பிழைக்காது. ஓட்டம் இல்லாததால் மற்றவை பாதிதான் விரிந்திருந்தன. குடைபோல் ஒன்று, பொத்தான்களை ஒட்டியதுபோல் ஒன்று, பெயர் தெரியாத இன்னும் எத்தனையோ. இத்தனை நாள் ஊரெல்லாம் படம் காட்டியதில் டார்ச்சைத் தவிர ஒன்றுக்குக்கூட அவனுக்குப் பெயர் தெரியவில்லை.

சாயங்காலம் பொன்மணி திரும்பி வந்தாள். வழியில் கலூரில் இறங்கிச் சின்ன பம்பை அவளே வாங்கி வந்திருந்தாள். ஷீஜாவும் கூட வந்து அதையே வாங்கிக்கொண்டாளாம். பெரியவை இரண்டையும் கடையில் திருப்பி எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்களாம். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பம்பைப் பின்பக்கக் கண்ணாடியில் வைத்து, ஓட்டம் முன்கண்ணாடியில் பட்டுத் திரும்பும்படி திருப்பினாள்.

"அந்த வயரைப் பிடிங்க" என்றாள். பிடித்துக்கொண்டான்.

அவள் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். தொட்டியில் இருந்தவையெல்லாம் மெல்ல ஆடத் தொடங்கின.

"அந்தக் குடை மாதிரி இருக்கே, அது பேரென்ன?" என்று கேட்டான் முத்துவேல்.

 யாருக்குச் சொல்லப் போகிறான் என்று பார்ப்பதுபோல் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் குனிந்துகொண்டான்.

"லெதர் பவளம்" என்றாள். வயரை அவன் கையிலிருந்து வாங்கிச் சுவரோரமாகச் சுருட்டி வைத்துவிட்டு, புடவை மாற்றப் போனாள்.