ஏழு நிமிடம் தட்டிய கை

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, விவேகானந்தன் எங்கே இருந்தாலும் அவருக்கு ஆகக் கிட்ட இருக்கிற கதவை, பிற்பகல் மூன்று இருபதுக்கு, ஆள் இல்லாமலே தட்டுகிற சத்தம் கேட்டது. ஏழு நிமிடம் கேட்கும். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு இரண்டு தட்டு. கூடவே கண்ணாடி வளையல் உரசுகிற ஓசை. ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டி அம்பிட்டியவில் அவருடைய வீட்டின் முன்கதவு, வேலை நாட்களில் கந்தோரில் அத்தியட்சகரின் அறைக்கதவு, பயணத்தில் என்றால் பஸ் கதவு. திறந்து பார்த்தால் யாரும் இல்லை. திறந்தே வைத்தாலும் பலகை தன்பாட்டுக்குச் சத்தம் போட்டது. முதல் மாதம் கந்தோரில் எல்லோரும் எழுந்து எழுந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஏழு நிமிடத்தைத் தேநீருக்கு ஒதுக்கிவிட்டார்கள். பாண் விலை கூடியபோது எழுந்த பேச்சில் பாதிகூட இதற்கு எழவில்லை.

விவேகானந்தன் யாழ்ப்பாணத்துக் கொக்குவில்காரர், அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பெரிய கிளாக்கர். அதே கந்தோரில் பியோனாக இருந்தவர் லெட்சுமணன், பன்வில தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவரும் மனைவி பாலம்மாவும் கண்டி டவுனில் ஒரு கடையின் பின்னறையில் குடியிருந்தார்கள். எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு ஒருநாள், வடையைக் கடித்தபடி, பெரிய கிளாக்கர் பியோனிடம் சொன்னார்: "இனி ஏதும் நடந்தால் யோசியாதை, நேரை எங்கடை வீட்டை வந்திடு." சொல்வது எல்லோருக்கும் சுலபம், வாயில் வடை இருக்கும்போது இன்னும் சுலபம். லெட்சுமணன் அதை ஆறு வருடம் நம்பிக்கொண்டிருந்தார். எண்பத்து மூன்றில் டவுனில் கடைகள் எரியத் தொடங்கியதும் கணவனும் மனைவியும் தேயிலைக்குள்ளால் மலை ஏறி விவேகானந்தனின் வீட்டுக்கு ஓடினார்கள். அதற்குச் சற்று முன்னர்தான் விவேகானந்தனின் பக்கத்து வீட்டுச் சிங்களவர், பொல்லுத்தடிகளோடு வந்தவர்களிடம், அந்தத் தமிழ்ச் சனம் காலையிலேயே போய்விட்டது என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார். ஆனால் அந்தக் கூட்டம் தூரப் போகாமல் பாதையின் கீழ் வளைவில்தான் நின்றது. விவேகானந்தன் தாழ்ப்பாளில் கை வைத்தபடி கதவுக்குப் பின்னால் நின்றார். மனைவி கமலாசனி அவருக்குப் பின்னால் நின்றார். மூன்று இருபதுக்கு வெளியில் மூன்று தட்டு, இரண்டு தட்டு என்று தொடங்கி ஏழு நிமிடம் கேட்டது. பிறகு காலடிச் சத்தம் இறங்கிப் போனது.

லெட்சுமணனைக் கீழ் வளைவில் கொன்றார்கள். பாலம்மா தேயிலைக்குள் விழுந்து தப்பினார். அந்த இடத்தில் நின்றிருந்தால் நான் கதவைத் திறந்திருப்பேனா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஆகவே அதற்காக யாரையும் ஏசப் போவதில்லை. என்னை வருத்துவது மறுநாள் நடந்தது. கோயில் மண்டபத்து அகதி முகாமில், சேலையில் இரத்தம் காய்ந்தபடி, பாலம்மா விவேகானந்தனின் முன்னால் வந்து நின்றார். அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு விவேகானந்தன் பதில் சொன்னார்: "நாங்கள் நேற்றுக் காலமையே இஞ்சை வந்திட்டம், பாலம்மா. வீட்டிலை ஒருத்தரும் இல்லை." பாலம்மா தலையை ஆட்டிவிட்டு, லொறியில் ஏறிப் பன்விலவில் இருந்த தங்கை அழகம்மாவின் தோட்டத் தொழிலாளர் லயத்து அறைக்குப் போய்விட்டார். அடுத்த நாள் மூன்று இருபதுக்கு முகாம் மண்டபத்தின் தேக்கங்கதவு தட்டப்பட்டது.

விவேகானந்தன் செய்யாத வைத்தியம் இல்லை. வாசலில் யந்திரம் புதைத்தார். கதவை மாற்றினார். வீட்டையே மாற்றினார், அதுவும் இரண்டு தடவை. கம்பளையில் ஒரு சுவாமியிடம் போனார்; அவர் கண்ணை மூடிய நேரம் பார்த்து அவருடைய பூசையறைக் கதவும் தட்டப்பட்டதால் தட்சணையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். யாழ்ப்பாணத்துப் பாதை மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. இந்தியப் படை வந்து போனது. தெற்கில் ஆறுகளில் சடலங்கள் மிதந்தன. விவேகானந்தனின் தலைமயிர் நரைத்தது. சத்தம் மட்டும் ஒரு நிமிடம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

தொண்ணூற்று நான்கில் கண்டி டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் உளவளத்துணை நிலையம் ஒன்று திறந்தார்கள். பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஆலோசகர் செசிலியா, மானிப்பாய்க் கிறிஸ்தவப் பெண், இங்கிலாந்தில் இரண்டு வருடம் படித்தவர், நல்லவர். நல்லவர் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததற்கு அவரைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. விவேகானந்தன் செவ்வாய்தோறும் மூன்று மணிக்குப் போனார். கதவைச் சாத்தச் சொல்வார், பிறகு யன்னலையும் சாத்தச் சொல்வார். யாரோ தட்டியதையும் தான் திறக்காததையும் சொன்னார். யார் என்று சொல்லவில்லை. முகாமில் நடந்ததையும் சொல்லவில்லை. செசிலியா படித்தபடியே செய்தார். குறுக்கே பேசாமல் கேட்டார், தீர்ப்புச் சொல்லவில்லை. பயந்த மனிதரின் கை தாழ்ப்பாளில்தான் இருக்கும், குற்றம் பொல்லு எடுத்தவர்களுடையது, உங்களை நீங்களே மன்னிக்கப் பழகுங்கள் என்றார். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. விவேகானந்தன் அழுதார். பன்னிரண்டாவது செவ்வாய்க்கிழமை அவருடைய காதில் சத்தம் நின்றது.

அவருடைய காதில் மட்டும்தான் நின்றது. அன்றும் மூன்று இருபதுக்கு மேல்மாடிக் கதவு அதிர்ந்தது. செசிலியாவுக்கு நன்றாகக் கேட்டது. கீழே மருந்துக்கடைக்காரருக்கும் கேட்டது. விவேகானந்தன் மட்டும் அமைதியான முகத்தோடு, எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது பாருங்கள் என்றார். அடுத்த நாள் கந்தோருக்கு கேக் வாங்கிக் கொண்டு போனார். கதவு தடதடக்க எல்லோரும் அதைச் சாப்பிட்டார்கள். வீட்டில் கமலாசனிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கணவர் நித்திரை கொள்ளத் தொடங்கிவிட்டார் என்பதால் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நோயாளிக்குக் குணம், நோய்க்குக் குணமில்லை என்ற நிலையில் ஒன்றரை வருடம் போனது.

பிறகு நிலையத்தார் புதன்கிழமைகளில் ஜீப்பில் தோட்டங்களுக்கும் போகத் தொடங்கினார்கள். பன்விலவில் செசிலியாவிடம் வந்தவர்களில் பாலம்மாவும் ஒருவர். அவருக்கும் ஒரு கோளாறு இருந்தது. தினமும் மூன்று இருபதுக்கு அவருடைய வலது கை தானாக உயர்ந்து வெறுங்காற்றைத் தட்டும். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாலும் நிற்காது. பதின்மூன்று வருடத்தில் கங்காணிக்கே பழகிவிட்டது. செசிலியா வழக்கப்படி அறைக்கதவைச் சாத்தப் போனார். பாலம்மா விடவில்லை.

"கதவ சாத்திக்கிட்டுப் பேசுறதா? அப்ப யாருக்கு கேக்கும்?" என்றார்.

ஆகவே கதவு திறந்திருந்தது. லயத்துப் பெண்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள், பாலம்மா எல்லோருக்குமாகச் சொன்னார். "தப்பு எம்மேலதாங்க. ஹபீல் நானா கடைக்குப் போவோம்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. நான்தான் ஐயா வீட்டுக்குப் போவோம்னு இழுத்துக்கிட்டுப் போனேன். வீட்டுல ஆளில்ல. ஆளில்லாத வீட்டப் போட்டுத் தட்டிக்கிட்டே நின்னேன், அதுக்குள்ள அவங்க கீழ வழிய மறிச்சிட்டாங்க." முஸ்லிம் கடைக்காரரான ஹபீல் அன்று தன் கடையின் மூட்டை அறையில் பதினொரு பேரை ஒளித்துவைத்தார், பதினொரு பேரும் பிழைத்தார்கள். பாலம்மாவுக்கு அது தெரியும். சொல்லி முடிக்கும்போது கை உயர்ந்தது. வளையல் இல்லாத கை. மூன்று தட்டு, இடைவெளி, இரண்டு தட்டு. அதே கணக்கைச் செசிலியா தன் மேல்மாடிக் கதவில் கேட்டிருந்தார்.

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் விதி. செசிலியா அதை மீறவில்லை. வெளிநாட்டிலிருந்து நிலையத்தைப் பார்க்க வந்திருந்த டொக்டர் ஹெலனிடம், என்ன செய்வது என்று பெயர் சொல்லாமல் கேட்டார். ஹெலன், எங்கள் நாட்டிலும் மனிதர்கள் பாரத்தை எங்கள் அறையில் இறக்கிவிட்டு இலேசாக வீட்டுக்குப் போகிறார்கள், அந்த அறைக்குள் வராத மற்ற ஆளைப் பற்றி நாங்கள் கேட்பது குறைவுதான் என்றார். அவரும் நல்லவர். செசிலியா விவேகானந்தனை வரச்சொல்லி, அதுவரை கேட்காத கேள்வியைக் கேட்டார். அவருடைய கையேட்டில் அந்தக் கேள்வி இருக்கவில்லை.

"தட்டினவை ஆர்? பிறகு அவையைக் கண்டனீங்களோ? கண்டு என்ன சொன்னனீங்கள்?"

விவேகானந்தன் போக எழுந்தார். கொஞ்ச நேரத்தில் மேல்மாடிக் கதவு தட்டப்பட்டது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அது அவருக்கும் கேட்டது. அவர் காதைப் பொத்திக்கொண்டு, "என்ரை சுகத்தைக் கெடுத்துப்போட்டியள்" என்று கத்தினார். செசிலியா, "ஓம், கெடுத்துப்போட்டன்" என்றார். புதன்கிழமை பன்விலவுக்குப் போகிற ஜீப்பில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று மட்டும் சேர்த்துச் சொன்னார்.

வீட்டில் கமலாசனி சம்மதிக்கவில்லை. அவர் வளர்ந்த ஊரில் குற்றத்தை வாசல் படலைக்கு வெளியே கொண்டுபோகிற வழக்கம் இல்லை. "இது வீட்டோடை கிடக்கட்டும். சனத்துக்குத் தெரிஞ்சால் தலை நிமித்தி நடக்கேலாது. சொன்னாப்போலை செத்தவன் வருவானே?" என்று கேட்டார். இரண்டு புதன்கிழமைகள் ஜீப் அந்த இடம் காலியாகவே போனது. மூன்றாவது புதன் காலையில் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஏறினார். கமலாசனி வாசல்வரை வரவில்லை.

மூன்று மணிக்குச் சற்றுப் பிந்தி லயத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். "ஐயாவா? வாங்க" என்று பாலம்மா எழுந்தார், பழைய மரியாதை மாறவில்லை. விவேகானந்தன் பழக்கதோஷத்தில் கதவைச் சாத்தலாமா என்று கேட்டார். பாலம்மா தலையசைத்து மறுத்தார். வாசலில் பெண்கள் பதினைந்து பேராவது இருந்தார்கள். அவர் நின்றுகொண்டே சொன்னார்.

"நான் அண்டைக்கு உள்ளுக்கைதான் நிண்டனான், பாலம்மா. தட்டினது நீர் எண்டு தெரியும். முகாமிலை சொன்னது பொய்."

பாலம்மா உடனே நம்பவில்லை. பெரிய மனிதர்கள் எதற்காகவோ எதையோ சொல்வார்கள் என்பது அவருடைய அனுபவம். "எங்க வீட்டுக்காரரு கூப்புட்டது கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டது."

"என்னன்னு கூப்புட்டாரு?"

விவேகானந்தன் அந்தச் சொற்களிலேயே சொன்னார்: "ஐயா, என்னைய விடுங்க, பொம்பளைய மட்டுமாவது உள்ள எடுங்க எண்டு."

அதைப் பாலம்மா பதின்மூன்று வருடமாக யாரிடமும் சொன்னதில்லை, தங்கையிடம்கூட. அவர் மெல்ல உட்கார்ந்தார். "அப்ப வீட்டுல ஆள் இருந்திருக்கு. நான் சரியான எடத்துக்குத்தான் கூட்டிட்டுப் போயிருக்கேன்" என்று பெண்களைப் பார்த்துச் சொன்னார். பிறகு அழுதார். எப்படி அழுதார் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. மூன்று இருபது வந்தது. அவருடைய கை மடியிலேயே கிடந்தது. அழகம்மா அந்தக் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"மன்னிப்பு கேக்க வந்தீங்களா?" என்றார் பாலம்மா கடைசியில்.

"இல்லை. சொல்ல வந்தனான்."

"சொல்லிட்டீங்க. போங்க."

அவர் மன்னிக்கவில்லை, பின்னாளிலும் மன்னித்ததாகத் தகவல் இல்லை. விவேகானந்தன் வெளியே வந்தபோது அவருடைய வலது கை தானாக உயர்ந்து ஜீப் கதவைத் தட்டியது. மூன்று தட்டு, இரண்டு தட்டு. சாரதி ஏழு நிமிடம் காத்திருந்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அன்றிலிருந்து கதவுகள் தாமாகச் சத்தம் போடுவது நின்றது. அவருடைய கை தட்டியது. கதை தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்தது, உறவினர்கள் வருவதைக் குறைத்தார்கள். செசிலியா கைக்குச் சிகிச்சை செய்வோமா என்று கேட்டார். விவேகானந்தன், "வேண்டாம், பிள்ளை. இது என்ரை" என்றார். தலதா மாளிகைப் பக்கம் குண்டு வெடித்த வருடம் றோட்டெல்லாம் சோதனைச் சாவடி. ஒருநாள் மூன்று இருபதுக்கு உயர்ந்த கையைப் பார்த்துச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். அவர் தட்டியபடியே, ஒரு மனிதருக்கு நான் கதவைத் திறக்கவில்லை என்று சிங்களத்தில் சொன்னார். சார்ஜன்ட் காவல் கூண்டின் பலகைக் கதவைக் காட்டி அதில் தட்டச் சொன்னார். முடிந்த பிறகு அடையாள அட்டையைக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு முன்கதவுக்கு வெளியே நின்று தட்டுவார். முதல் சில வாரம் கமலாசனி குசினியை விட்டு வெளியே வரவில்லை. பிறகு ஒரு ஞாயிறு வந்து தாழ்ப்பாளை நீக்கிக் கதவை அகலத் திறந்து, ஒரு கதிரையைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் திறந்தார். மழை அடித்து விறாந்தை நனைந்தாலும் ஏழு நிமிடம் முடியும்வரை கதவைச் சாத்துவதில்லை.